ஆறாப் புண்ணும் ஆயமும்

புண் இரு வகைப்படும். மெய்யில் உண்டாவது ஒன்று. உள்ளத்தில் உண்டாவது மற்றொன்று. மெய்யில் உண்டாகும் புண்ணைக் கண்டார் இரங்குவர், மருந்திடுவர், மருத்துவச் சாலைக்கு அழைத்தேகுவர். உள்ளத்துப் புண்ணோ கண்ணுக்குப் புலனாவதன்று. புலனாகாமையின் அதனை இல்லை என்பாரும் உளர். உண்டென்று அறிந்தும் மறைப்பாரும் உளர். அப்புண் இளமையிலேயே, அதுவும் காக்கக் கடமைப்பட்டார் கையாலேயே, ஒரு பெண் மகவுக்கு உண்டாகுமாயின் அதன் கொடுமையை என்னென்பது! அடியும் வசையும் பட்டினியும் புறக்கணிப்பும் தகாத் தீண்டலும் ஆகிய இவற்றுள் ஒன்றோ பலவோ உற்று வளர்ந்த சிறுமியர், பதின் பருவத்தை எய்திய காலை, ஒருவரோடொருவர் சூழ்ந்தமர்ந்து தம் உள்ளப் புண்ணை ஆற்றிக்கொள்ளும் முறை ஒன்று இக்காலத்து மருத்துவ உலகில் வழங்குகின்றது. அது குறித்து யாம் கண்டனவும் கற்றனவும் கருதினவும் ஆகிய சிலவற்றை இம்மலரின் வாயிலாக எம் உடன் மாணவர்க்கு உரைக்கப் புகுகின்றோம்.

தமிழ் பயிலும் மாணவியர்க்கு உளநோய் மருத்துவத்தில் என்ன அலுவல் என்று வினவுவார் உளராயின், அவர்க்கு எம் விடை இதுவே. இளமையில் ஊறுபட்ட சிறுமியிடமிருந்து முதற்கண் பறிபோவது சொல். அவள் நலம்பெறுங்கால் மீண்டு வருவதும் சொல்லே. சொல்லைப் பயில்வார் அச்சொல் தொலைந்த இடத்தையும் அறிதல் வேண்டுமன்றோ?

யாம் வாழும் பீளமேடு கோவை நகரின் கீழ்த்திசையில் அவிநாசி சாலையின் மருங்கே உள்ளது. பூளைச் செடி மிக்கிருந்த மேடு ஆதலின் பூளைமேடு எனப்பட்டு, அப்பெயரே பின்னர்ப் பீளமேடு எனத் திரிந்தது என்று ஊரார் சிலர் கூறுவர். 1930-களில் பைக்காரா மின்விசை கோவைக்கு வந்தபின் இப்பக்கமெல்லாம் நூல் மில்கள் பல்கின. இன்று அவற்றுட் பல மூடப்பட்டன. கல்லூரிகளும் மருத்துவச் சாலைகளும் அவ்விடங்களில் நெருங்கி நிற்கின்றன. சிறுமியர் பெற்றோரைப் பிரிந்து விடுதியில் வாழும் வாழ்வு எம் கொங்கு நாட்டுக்குப் புதிதன்று. திருமணத்துக்குப் பொருள் சேரும் எனக் கூறி, வறிய வீட்டுப் பெண்களை மூவாண்டு மில் விடுதியிலே தங்க வைத்த ‘சுமங்கலித் திட்டம்’ இந்நாட்டு நூல் மில்களிற் பரவியிருந்ததும், அதன் கேடுகளை 2011-இல் நெதர்லாந்து நாட்டு நிறுவனங்கள் இரண்டு அறிக்கையிட்டு உலகறியச் செய்ததும் பலர் அறிந்தனவே. அவ்விடுதிகள் கூலியின் பொருட்டு அமைந்தவை. யாம் கூறப் புகுந்ததோ, அடைக்கலத்தின் பொருட்டு அமைந்த வேறோர் இல்லத்தைப் பற்றியது.

எம் கல்லூரித் தொண்டுச் சங்கத்து மாணவியர் ஐவர், சனிக்கிழமைதோறும் பிற்பகலில் அவ்வில்லத்துக்குச் சென்று அங்குள்ள சிறுமியர்க்குத் தமிழ் கற்பித்து வருகின்றோம். இல்லத்தின் பெயரும் சிறுமியர் பெயரும் ஈண்டுக் கூறப்படா. அதன் காரணம் பின்னர் விளங்கும். மூன்று மணியளவில் எம் வகுப்பு முடியும். முடிந்ததும் சிறுமியர் எண்மர் மாடியிலுள்ள சிற்றறைக்குச் செல்வர். வாயிலில் எட்டு இணைச் செருப்புகள் கிடக்கும், கதவு சாத்தப்படும். ஒன்றரை மணி நேரம் கழித்தே அது திறக்கும். உள்ளே பேசப்படுவது எமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலுதலும் தகாது. அவ்வறையில் எண்மரோடு அமரும் ஆற்றுப்படுத்துநர் அம்மையார், முறையின் இயல்பை மட்டும் தாழ்வாரத்தில் நின்று எமக்கு விளக்கிக் கூறுவார்.

அவ்வெண்மருள் ஒருத்தி பதினைந்து வயதினள். எம் வகுப்பில் அவள் எஞ்ஞான்றும் சுவரை முதுகிற்கொண்டு, கதவு கண்ணிற்படும் இடத்திலேயே அமர்வாள். கரும்பலகைத் துடைப்பான் கீழே விழும் ஒலிக்கும் திடுக்கிட்டு எழுவாள். ‘எங்கள் ஊர்’ என்னும் பொருள்பற்றிக் கட்டுரை வரையச் சொன்ன நாளில், தலைப்பை அழகுற எழுதி, அதன்கீழ் அடிக்கோல் வைத்துக் கோடு கிழித்து, எஞ்சிய பக்கத்தை வெறிதே விட்டு எம் கையில் தந்தாள். ஓராண்டுக் காலம் அவள் எம்மிடம் பேசிய சொற்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இவள் போல்வார் அருகியே காணப்படுவர் எனக் கருதற்க. இந்திய அரசின் மகளிர் குழந்தைகள் நல அமைச்சகம் 2007-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 சிறாரை வினவியறிந்த ஆய்வு அது. மூவருள் இருவர் அடி முதலிய உடல்வதைக்கு ஆளாயினர் என்பதும், நூற்றுக்கு 53 பேருக்கு மேற்பட்டார் ஏதேனும் ஒருவகைத் தகாத பாலியல் நடத்தைக்கு ஆளாயினர் என்பதும் அதனால் வெளிப்பட்டன. தீங்கிழைத்தாருட் பாதிப்பேர் குழந்தைக்கு அறிமுகமானவரும் நம்பிக்கைக்கு உரியவருமே ஆவர். பெரும்பாலான சிறார் அதனை எவரிடமும் கூறிற்றிலர். எண்களுள் எம்மை மிகவும் வருத்தியது இம்மௌனமே.

மௌனத்துக்குக் காரணம் யாது? கூறினால் கேட்பார் என்ன மொழிவர் என்பதைக் குழந்தை முன்னரே அறிந்திருக்கின்றது. ‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்று ஒருவர் கூறுவர். ‘வெளியே சொன்னால் குடும்ப மானம் என்னாவது?’ என்று மற்றொருவர் கேட்பர். ‘நடந்தது நடந்துவிட்டது, மறந்துவிடு’ என்பது அன்புடையார் வாக்கு. கிறிஸ்தவ வீடுகளில் பிறந்த எம்மனோர் இவற்றோடு ‘மன்னித்துவிடு’ என்பதையும் சேர்த்துக்கொள்வதுண்டு. மன்னித்தல் மாண்புடையதே. ஆயின் அதனை அளிப்பவர் ஊறுபட்டவரே ஆதல் வேண்டும்; அளிக்குங் காலத்தைத் தேர்பவரும் அவரே ஆதல் வேண்டும். பிறர் அவளுக்காக விரைந்து மன்னித்துவிடுதல், அவள் வாயை மீட்டும் ஒருமுறை பொத்துவதன்றி வேறில்லை.

இனி, மறத்தல் இயலுமோ எனின், நெஞ்சு மறப்பினும் உடல் மறப்பதில்லை என்பர் மருத்துவர். அச்சம் வருங்கால் ஓடவோ எதிர்க்கவோ உடல் தன்னைத் தானே ஆயத்தம் செய்யும், நாடி விரையும், மூச்சு மேலெழும். இடர் நீங்கியபின் இவையனைத்தும் தணிதல் இயற்கை. நாடோறும் இடரிடையே வளர்ந்த குழந்தைக்கோ அவ்வெச்சரிக்கை தணிவதேயில்லை. வீட்டில் தீப்பற்றிய காலத்து ஒலிக்கத் தொடங்கிய மணி, தீ அவிந்த பின்னரும் நில்லாது ஒலிப்பதை ஒத்தது அது. துடைப்பான் விழுந்த ஒலிக்கு எம் மாணவி எழுந்தது இதனாற்போலும். 1998-இல் டாக்டர் பெலிட்டியும் டாக்டர் ஆண்டாவும் அவர்தம் துணைவரும் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் 9,500-க்கு மேற்பட்ட வளர்ந்தோரை வினவி வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. இளமைத் துன்ப வகைகளுள் நான்கோ அதற்கு மேற்பட்டனவோ உற்றார்க்கு, ஒன்றும் உறாதாரினும், குடிநோயும் மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் நேரும் இடர்ப்பாடு நான்கு மடங்கு முதல் பன்னிரு மடங்கு வரை மிகுந்திருந்தது என அது காட்டிற்று. இத்தகைய உள்ளத்துத் தழும்பினை ‘மனவடு’ என வழங்குவர். யாழ்ப்பாணத்து உளநோய் மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் தம் தமிழ் நூலுக்கு அச்சொல்லையே பெயராக இட்டார்.

ஊறுபட்ட சிறுமியர்க்கு அடைக்கலம் தரும் அறம் தமிழ்நாட்டுக்கு அயலதன்று. திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் 1901 முதல் ஏமி கார்மைக்கேல் அம்மையார், கோயிற் பணிக்கென விடப்பட்ட சிறுமியரை ஏற்று வளர்த்தார். 1930-களின் தொடக்கத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சென்னையில் ஔவை இல்லத்தை நிறுவினார். 2004 முதல் சென்னையில் ‘துளிர்’ என்னும் நிறுவனம் சிறார்க்கு நேரும் பாலியற் கொடுமையைத் தடுப்பதிலும் அதனால் ஊறுபட்டாரைத் தேற்றுவதிலும் ஈடுபட்டு வருகின்றது. கூரையும் சோறும் கல்வியும் இன்றியமையாதன. ஆயின் கூரையின்கீழ்ப் படுத்தும் உறங்காத கண்களுக்கு வேறொரு மருந்தும் வேண்டும்.

அம்மருந்து பேச்சு என்பதை மேலை நாட்டார் கண்டறிந்த வரலாறு வியப்புடையது. வியன்னா நகரில் 1880 முதல் 1882 வரை டாக்டர் பிராயர் ஓர் இளம்பெண்ணுக்கு மருத்துவம் செய்தார். தன் துயரத்தைச் சொல்லச் சொல்ல நோய் தணிவதை உணர்ந்து, அதற்குப் ‘பேச்சு மருத்துவம்’ எனப் பெயரிட்டவள் அப்பெண்ணே. பெர்த்தா பாப்பன்ஹைம் என்னும் அப்பெண் பின்னாளில் ஜெர்மனியில் பெண்கள் நலத் தொண்டில் ஈடுபட்டு, 1907-இல் நொய்-ஈசன்பர்க் என்னும் ஊரில் இடருற்ற இளம்பெண்களுக்கென ஓர் இல்லம் நிறுவினார். நோயாளிகளைக் குழுவாக அமர்த்தி ஆற்றும் முறையோ அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1905-இல் தோன்றியது. டாக்டர் ஜோசப் பிராட் என்பார் வறிய காசநோயாளரை வாரந்தோறும் ஒருங்கு கூட்டிப் பேசச் செய்தார். ஒருவர் தேறியதைக் கண்டு மற்றவர் உள்ளம் தளிர்த்ததை அவர் கண்டார். ஜூடித் ஹெர்மன் அம்மையார் 1992-இல் வெளியிட்ட நூலில், மனவடு ஆறும் நெறியை மூன்று படிகளாக வகுத்தார்: பாதுகாப்பை நிலைநாட்டல், நினைந்து துயருறல், பிறரோடு மீள இணைதல். எம் சிறுமியர் அமரும் மாடி அறையிலும் இப்படிகளே பின்பற்றப்படுவன என்று அம்மையார் கூறினார்.

முதற்படியாவது காப்பு. கொங்கு நாட்டார் தைப்பொங்கலுக்கு முன்னாள் வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்து வீட்டு இறவாரத்திற் செருகிக் காப்புக் கட்டுவதை யாவரும் அறிவர். காப்புக் கட்டிய பின்னரே விழாத் தொடங்கும். குழுவினுள்ளும் அவ்வாறே. முதல் வாரங்களில் எவரும் தம் துயரத்தைக் கூறுமாறு கேட்கப்படார். அங்கே சில விதிகள் வகுக்கப்படும். அவ்விதிகளை வகுப்பவரும் சிறுமியரே. அறையிற் கேட்டது அறையை விட்டு வெளிவரலாகாது. எவரையும் பேசுமாறு வற்புறுத்தலாகாது. அழுபவளை அழாதே என்னலாகாது. கேளாமல் எவரையும் தொடலாகாது, தேற்றுதற்பொருட்டேனும் ஆகாது. தம்மிடம் கேளாமலே எல்லாம் செய்யப்பட்ட சிறுமியர்க்கு, ‘தொடலாமா?’ என்று ஒருத்தி கேட்பதே பெரியதொரு மருந்து. உடலின் எச்சரிக்கை மணியைத் தணிக்கும் பயிற்சிகளும் அப்பொழுதே கற்பிக்கப்படும்: இரு பாதங்களையும் தரையில் நன்கு ஊன்றல், மூச்சை மெல்ல இழுத்து அதனினும் மெல்ல விடல், கண்ணிற்படும் பொருள்கள் ஐந்தனை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எண்ணல். ‘இஃது அந்த நாளன்று, இந்த நாள், இஃது அந்த இடமன்று, இந்த இடம்’ என்று உடலுக்கு உணர்த்துதலே இவற்றின் பயன்.

இரண்டாம் படி, உள்ளத்து நிகழ்வனவற்றுக்குப் பெயரிடுதலும் துயரத்தை உரைத்தலும் ஆகும். அச்சம், நாணம், சினம், குற்றவுணர்வு ஆகிய இவை வேறு வேறு என்று அறிந்து பெயரிடல் எளிதன்று. வடுப்பட்ட சிறுமியர் பலர் தம்மையே குற்றவாளியாகக் கருதுவர். ‘யான் கெட்டவள், ஆதலின் எனக்கு இது நேர்ந்தது’ என்பது அவர் துணிபு. ஆற்றுப்படுத்துநர் நூறு முறை மறுத்துரைப்பினும் அத்துணிபு அசைவதரிது. அருகில் அமர்ந்தவள் அதே சொற்களைக் கூறக் கேட்டவுடன் அஃது அசைகின்றது. ‘அவள் குற்றமற்றவள் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிகின்றதே, அற்றேல் யான் மட்டும் எங்ஙனம் குற்றவாளி ஆவேன்?’ என்று அவள் நெஞ்சம் தன்னைத்தானே வினவும். தனியே மருத்துவரோடு பேசும் முறையினும் குழுவாக அமரும் முறைக்குள்ள சிறப்பு இதுவே. எனினும் நேர்ந்த கொடுமையின் விவரத்தைக் குழுவின் நடுவே விரித்துரைத்தல் பெரும்பாலும் விலக்கப்படும். அதனை ஆற்றுப்படுத்துநரிடம் தனியே கூறுவர். குழுவிலோ அதனால் தாம் எய்திய நிலையையும் அதனின்று தேறும் வகையையும் பேசுவர். ஒருத்தியின் புண்ணைத் திறத்தல் மற்றொருத்தியின் புண்ணைக் கீறுதல் ஆகிவிடக்கூடாதன்றோ?

ஆற்றுப்படுத்துநர் என்னும் சொல் எம் போன்றார்க்குப் பத்துப்பாட்டை நினைவூட்டும். அப்பத்தனுள் ஐந்து ஆற்றுப்படைகள். பெற்றவன் ஒருவன் பெறாதவனை வழியிற் கண்டு, தான் சென்ற நெறியையும் பெற்ற பேற்றையும் கூறி அந்நெறியிற் செலுத்துதல் ஆற்றுப்படையின் இலக்கணம். வழிகாட்டுபவனும் நேற்றுவரை வறியவனே என்பது அதன் நயம். மாடி அறையில் அம்மையார் ஒருவரே ஆற்றுப்படுத்துபவர் என யாம் முன்னர் எண்ணியிருந்தோம். இரவில் உறங்கப் பழகியவள் உறங்காதவளுக்கு வழி சொல்லுங்கால், எண்மரும் ஆற்றுப்படுத்துநரே என்பது விளங்கிற்று. அகப்பாடல்களில் தலைவியைச் சூழ்ந்த தோழியர் கூட்டத்துக்கு ‘ஆயம்’ என்று பெயர். இக்குழுவுக்கு அதனினும் பொருத்தமான பெயர் எமக்குத் தோன்றவில்லை.

இம்முறை உண்மையிற் பயன் தருமோ என்று ஐயுறுவார்க்கு இரண்டு ஆய்வுகளை எடுத்துக் காட்டுதும். ஒன்று ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டில் நிகழ்ந்து 2013-இல் வெளிவந்தது. போர்ச் சூழலிற் பாலியற் கொடுமைக்கு ஆளான 12 முதல் 17 வயது வரையுள்ள சிறுமியர் 52 பேர் அதிற் பங்குகொண்டனர். ஒரு சாரார்க்குப் பதினைந்து அமர்வுகளில் குழுமுறை ஆற்றுதல் அளிக்கப்பட்டது. மற்றொரு சாரார் தம் முறைக்குக் காத்திருந்தனர். நடத்தியவர் மருத்துவர் அல்லர். பயிற்சி பெற்ற அவ்விடத்தாரே. குழுவில் அமர்ந்தார்க்கு மனவடுவின் குறிகள் பெரிதும் தணிந்தன. மூன்று திங்கள் கழித்துப் பார்த்தபோதும் அத்தணிவு நிலைத்திருந்தது.

மற்றொன்று நம் தமிழினத்தார் வாழும் இலங்கையின் வடபுலத்தில் நிகழ்ந்து 2012-இல் வெளிவந்தது. போரின் நிழலில் வளர்ந்த 9 முதல் 12 வயது வரையுள்ள பள்ளிச் சிறார் 399 பேர் அதில் இடம்பெற்றனர். அங்கும் பதினைந்து அமர்வுகளே. பயன் எதிர்பார்த்த அளவு கிட்டவில்லை. நடத்தைக் கேடுகள் குறைந்தன. ஆண் சிறார்க்கு மனவடுக் குறிகள் தணிந்தன. சிறுமியர்க்கோ, குழுவில் அமர்ந்தாரினும் காத்திருந்தார்க்கே அக்குறிகள் மிகுதியாகத் தணிந்திருந்தன! அவ்வாய்வு மற்றோர் உண்மையையும் காட்டிற்று: போரின் இன்னல் அந்நாளிலும் குறைவாக இருந்த சிறார்க்கே குழுவினாற் பயன் மிகுதியாக விளைந்தது.

இரண்டு ஆய்வுகளிலும் வயதும் சூழலும் முறையும் வேறு. ஆதலின் ஒன்றைக்கொண்டு மற்றொன்றைப் பொய்ப்படுத்தல் ஆகாது. எனினும் இரண்டையும் ஒருங்கு நோக்கிய எமக்கு ஒன்று தெளிவாயிற்று. பேச்சு மட்டுமே மருந்தன்று. இடர் நீங்காத இடத்திற் பேசுமாறு தூண்டுதல், மழை நில்லாமுன் ஈரத்துணியைக் கொடியில் உலர்த்துவதை ஒக்கும். முதலிற் காப்பு, பின்னரே சொல். சொல்லும் அவள் விரும்பியபோது, அவள் விரும்பியாரிடத்து, அவள் விரும்பிய அளவே ஆதல் வேண்டும். இம்மூன்றனுள் ஒன்று குறையினும், பேச்சு ஆற்றுவதற்கு மாறாகப் புண்ணைக் கிளறுவதாகவே முடியும்.

இதனை யாம் ஏட்டில் மட்டும் கற்றோமல்லோம்; கண்ணாலும் கண்டோம். சென்ற ஆண்டில் செல்வர் ஒருவர் சார்பில் ஒருவர் இல்லத்துக்கு வந்தார். நகரத்து மண்டபம் ஒன்றில் அறநிதி திரட்டும் விழா நிகழவிருந்தது. சிறுமியருள் ஒருத்தி மேடையேறித் தன் கதையை ஐந்து நிமிடம் கூறினாற் போதும். கேட்போர் உள்ளம் இளகும். ஓராண்டுக்கு வேண்டும் அரிசி முழுவதும் இல்லத்துக்கு வந்து சேரும் என்றார். அவர் கொடியவர் அல்லர். இரக்கமே அவரை அழைத்து வந்தது. 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டமும் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் இத்தகைய சிறாரை இன்னாரென வெளியிடுதலை விலக்கியுள்ளன என்று இல்லத் தலைவியார் எடுத்துரைத்தார். யாம் பெயர்களை மறைத்ததன் காரணமும் அதுவே. வந்தவரோ, ‘முகத்தை முந்தானையால் மறைத்துக்கொள்ளட்டும், பெயர் சொல்ல வேண்டுவதில்லை’ என்றார்.

தலைவியார் உடனே விடை கூறிற்றிலர். அவ்வில்லத்தில் உண்போர் நாற்பதின்மருக்கு மேற்பட்டவர். சேமிப்பறையில் அரிசி மூட்டைகள் எத்துணை எஞ்சியிருந்தன என்பதை அவரே அறிவார். மேடை ஏறுதல் தகாது என்பது அவர் கருத்தே. ஆயினும், தம்மைப் பற்றிய முடிவைப் பிறரே செய்யக் கண்டு பழகிய பிள்ளைகள் இம்முடிவைத் தாமே செய்யட்டும் என்று ஆற்றுப்படுத்துநர் அம்மையார் கூற, அவரும் இசைந்தார். அச்சனிக்கிழமை எம் வகுப்பு முடிந்தபின் எண்மரும் மாடிக்குச் சென்றனர். யாம் தாழ்வாரத்தில் ஏடுகளைத் திருத்திக்கொண்டிருந்தோம். கதவு திறந்தபோது முன்னே வந்தவள், கதவைக் கண்டவாறே அமரும் அப்பதினைந்து வயதினளே. தலைவியார் எதிரில் நின்று, தரையை நோக்கியவாறே, ஆயின் தெளிவாகக் கூறினாள்: “நாம யாரும் மேடை ஏற வேண்டாமுங்கம்மா. களி தின்னாலும் நாம இங்கேயே தின்னுக்கலாமுங்க.”

“ஆகட்டும், அம்மிணி” என்றார் தலைவியார். வேறொன்றும் கூறிற்றிலர்.

தமிழ் பயிலும் எமக்கு அச்சொல்லின் அருமை அக்கணமே புலப்பட்டது. பழந்தமிழில் ‘யாம்’ என்பது கேட்போரை விலக்கியும், ‘நாம்’ என்பது கேட்போரை உளப்படுத்தியும் வழங்கின. இன்றைய பேச்சில் ‘நாங்க’ எனவும் ‘நாம’ எனவும் அவ்வேறுபாடு நிலவுகின்றது. இலக்கண வகுப்பில் இதனை எழுதிப் படித்து எண்பெற்றுவிட்டோம். அவள் ‘நாங்க’ என்றிருப்பின், அறையில் அமர்ந்த எண்மர் மட்டுமே அதனுள் அடங்குவர். ‘நாம’ என்றமையின் எதிரில் நின்ற தலைவியாரும் அடங்கினார். ஏடு திருத்திக்கொண்டிருந்த யாமும் அடங்கினோம் போலும். ‘நான்’ என்று சொல்லவும் நாவெழாதிருந்த ஒருத்தி, எட்டுத் திங்களில் தன் ஆயத்தாரொடு ‘நாங்க’ ஆகி, அன்று எங்களையும் உட்கொண்டு ‘நாம’ என்றாள். ஹெர்மன் அம்மையார் கூறிய மூன்றாம் படி, பிறரோடு மீள இணைதல் என்பது, இதனின் வேறு யாது?

அரிசி வரவில்லை. சில வாரம் இரவில் ராகிக் களியே உணவாயிற்று. ஒருநாள் யாமும் உடனிருந்து உண்டோம். பின்னர் வேறு சிலர் உதவினர். அச்சிறுமி முற்றும் நலம்பெற்றாள் என்று கூறி முடித்தல் எமக்கு இனிதாயினும் உண்மையாகாது. இன்றும் கதவைக் கண்டவாறே அமர்கின்றாள். சில நாளில் வகுப்புக்கு வருவதில்லை. குழுவின் அமர்வுகள் முடியும் நாளும் வரும்; அதன்பின் அவளுக்கு யாது துணை என்பது பற்றி அம்மையார் இப்பொழுதே கவலையுறுகின்றார். பதினெட்டு வயது நிரம்பியதும் இல்லத்தை விட்டு நீங்கும் பெண்களுக்கு, தங்க ஓர் அறையும் செய்ய ஒரு தொழிலும் தேடுதல் எளிதன்று. ஆயினும், சென்ற திங்கள் ‘எங்கள் ஊர்’ என்னும் தலைப்பின்கீழ் நான்கு வரிகள் எழுதித் தந்தாள். அவற்றை ஈண்டு வெளியிடோம். அவை எம்மிடம் கூறப்பட்டன.

எம் உடன் மாணவரே, இனி நாம் செய்யத் தக்கன யாவை? மருத்துவம் செய்தல் நம் வேலையன்று; அதற்கெனப் பயின்றார் உளர். ஆயின் நம் வகுப்பிலும் விடுதியிலும் சுற்றத்திலும் வாய்திறவாத ஒருத்தி இருக்கக்கூடும். அவளைத் துருவித் துருவி வினவற்க. அவள் தானே ஒன்று கூறினால் ‘பொய்’ என்னற்க, ‘மறந்துவிடு’ என்னற்க, ‘நீ ஏன் முன்னமே சொல்லவில்லை?’ என்று கேளற்க. ‘நம்புகின்றேன், இஃது உன் குற்றமன்று’ என்னும் இவ்விரு தொடர்களே முதல் மருந்தாம். பின்னர், அறிந்தாரிடம் வழிகாட்டுக. இடருற்ற சிறார் நாட்டின் எப்பகுதியிலிருந்தும் கட்டணமின்றி அழைத்தற்குரிய தொலைபேசி எண் 1098 ஆகும். 1996-இல் மும்பையில் தோன்றிய அப்பணி இன்று நாடெங்கும் பரந்துள்ளது. பதினெட்டு வயது நிரம்பாத ஒருவருக்குப் பாலியற் கொடுமை நேர்ந்ததை அறிந்தார், அதனைக் காவல் துறைக்கோ சிறார்க்கான காவற்பிரிவுக்கோ அறிவித்தல் சட்டத்தின் கட்டளையுமாம். அறிவிக்குங்கால், அடுத்து யாது நிகழும் என்பதை அவளிடம் மறையாது கூறுக. ஊராரிடம் கூறுதல் வேறு. உரியாரிடம் கூறுதல் வேறு.

இவற்றினும் எளியதாயினும் அரியது மற்றொன்று உண்டு. அவள் ‘நாம்’ என்று அழைக்கும் நாளில் அச்சொல்லுக்குள் நின்று நிலைபெறத் தக்கவராக நம்மை யாக்கிக்கொள்ளுதலே அது. கேட்டதைக் காத்தல், கேளாததைத் துருவாமை, சொல்லிய நாளும் சொல்லாத நாளும் ஒரு தன்மையாய் அருகிருத்தல் ஆகிய இவை நூலிற் கற்பனவல்ல, பழகிக் கைவருவன. எழுத்தும் சொல்லும் பொருளும் கற்ற நாம், ஒரு சிறுமியின் மௌனத்தையும் மதிக்கக் கற்போமாக.